குடம் பால் கேட்ட நிரல்

“என்னடி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே? இன்னிக்கு என்ன கொழுப்பு உனக்கு?” என்று அந்த அம்மாள் கணினித் திரையிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சற்றுக் காத்திருக்கிறார். வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பது வழக்கம், காத்திருப்பதும் வழக்கம். அறையில் இருப்பவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கணினிக்கு வேலை சொல்லும் நிரல்களை எழுதிக் கொடுக்கிற அந்த ஆபீசில் அவருக்கு ‘மாமியார்’ என்று பெயர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் மாமியார். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. உள்ளூர ஒரு பெருமைதான். அடுத்தவர் எழுதிய நிரலில் அவர் குற்றம் காணாத வரி கிடையாது. “தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டிருக்கீங்களே, நேராத் தொட்டா என்ன?” என்பார். காலையில் வந்ததும் கைக்குட்டையால் விசைப்பலகையைத் துடைப்பார். அதற்குப் பெயர் ‘முகம் கழுவி விடறது’. வீட்டில் நிஜமான மருமகள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இதுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அங்கே சேர்த்து வைப்பதையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார் என்பது பக்கத்து மேஜைத் தாடிக்காரரின் கட்சி.

எத்தனையோ நிரல்கள் எழுதியிருந்தாலும், பெற்ற பிள்ளையைப் போல அவர் பார்ப்பது ஒன்றைத்தான். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி வார்டில் அது ஓடுகிறது. குழந்தையின் எடையையும் வயதையும் நர்ஸ் தட்டினால், வேளைக்கு எவ்வளவு பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வருஷக்கணக்கில் அது பிசகியதில்லை.

ஆஸ்பத்திரியில் கணினிகளை மாற்றினார்கள். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி ஆக்கித் தருவது கம்பைலர். பழைய கம்பைலர் புதுக் கணினிகளுக்கு ஒத்துவராததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியவர் தாடிக்காரர். நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. மறுநாள் காலையிலேயே தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, உள்ளங்கை அளவு பிள்ளைக்கு ஒரு குடம் பால் கொடுக்கச் சொல்லுதே உங்க மெஷின்! நல்ல வேளை, கண்ணை மூடிக்கிட்டு நம்பலை. இப்போ எல்லாத்தையும் கையாலதான் கணக்குப் போடறோம். வார்டு நிரம்பி வழியுது. தூக்கக் கலக்கத்துல யாராவது ஒரு புள்ளிய மாத்தி வெச்சுட்டா என்ன ஆகும்? சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க.”

மாமியார் போனை வைத்த கையோடு தாடிக்காரர் மேல் பாய்ந்தார்.

“எல்லாம் உங்க புதுக் கம்பைலர் பண்ற கூத்து. எம்பிள்ளை இத்தனை வருஷத்துல ஒரு தப்புப் பண்ணியிருக்கா?”

“எச்சரிக்கையைத் திறந்து பாருங்கக்கா. அது ஏதாவது சொல்லும்.”

“சொல்லும், சொல்லும். தொணதொணன்னு உயிரை வாங்கும். அதனாலதான் அன்னிக்கே வாயை மூடி வெச்சேன்.”

நிரலில் சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் கம்பைலர் எச்சரிக்கும். கேட்பதும் கேட்காததும் நம் இஷ்டம். வேண்டாம் என்றால் அதைச் சும்மா இருக்கச் சொல்லவும் முடியும். மாமியார் சொல்லியிருந்தார். ஊரார் குறையையெல்லாம் எடுத்துச் சொல்கிறவருக்குத் தன் குறையை இன்னொருவர் சொல்வது பிடிக்கவில்லை. இது ஒன்றும் உலகத்தில் இல்லாத குணமல்ல.

கணக்கு எங்கே கெடுகிறது என்று பார்ப்பதற்காக, நடுவில் கிடைக்கும் விடையைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். நிரல் நல்ல பிள்ளையாகச் சரியான அளவைச் சொன்னது. வரியை எடுத்தார். மறுபடி குடம் பால். சேர்த்தார், சரி. எடுத்தார், குடம். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எட்டிப் பார்த்த மேலாளர், “அந்த வரி இருந்தா வேலை செய்யுதில்ல? இருந்துட்டுப் போகட்டும். அனுப்பிடுங்க” என்றார்.

“ஏன் சரியாச்சுன்னே தெரியலையே சார். நாளைக்கு மறுபடி கெட்டா? அது பச்சைப் பிள்ளைங்க வயிறு சார். நான் அனுப்ப மாட்டேன்.”

அவர் எப்படிப்பட்ட வாய்க்காரராகவும் இருக்கட்டும், இந்த ஒரு பதிலுக்காகவே அவரைப் பிடித்துப்போகிறது.

மேலாளர் போனதும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். தாடிக்காரர் பக்கம் திரும்பாமலே எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டார். பக்கம் பக்கமாகக் கொட்டியது. பாதியில் அது இருந்தது: மொத்தத்தைக் கூட்டி வைக்கிற இடத்தில் தொடக்கத்தில் எதுவும் போடவில்லையே என்று.

சைபர் போட்டிருக்க வேண்டும். கணினியின் நினைவகத்தில் பழைய கம்பைலர் கொடுத்த இடம் ஏதோ அதிர்ஷ்டத்தில் காலியாக இருந்து வந்திருக்கிறது. புதியது கொடுத்த இடத்தில் பழைய எண் ஏதோ கிடந்தது. கழுவாத பாத்திரத்தில் பால் ஊற்றியது போல அதன் மேலேயே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. நடுவில் சேர்த்த வரி இடத்தைச் சற்று நகர்த்தியதில் மறுபடி காலி இடம் வாய்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

மாமியார் முகம் சுண்டிப்போயிற்று.

“நான்தான் தம்பி. உங்களைப் போய்த் திட்டிட்டேன்.”

“விடுங்கக்கா. வாங்காத திட்டா?”

சைபரைப் போட்டு, சேர்த்த வரியை எடுத்தார். வார்டில் கையால் போட்ட கணக்குகளையெல்லாம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகே அனுப்பினார். சாயங்காலம் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். “இப்போ சரியாச் சொல்லுதும்மா. பிள்ளைங்கல்லாம் குடிச்சுட்டுத் தூங்குது. நல்லா இருப்பீங்க.”

தாடிக்காரர் பையை எடுத்துக்கொண்டார். “கிளம்புங்கக்கா. மத்த எச்சரிக்கையையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்.”

மாமியார் எழுந்திருக்கவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை மிச்சமிருந்தாலும் நிரலை ஆக்கித் தராதே என்று கம்பைலருக்குக் கட்டளை எழுதினார்.

“அக்கா, அதைப் போட்டா உங்களை ஒரு அடி நகர விடாது.”

“விடக் கூடாது” என்று பொத்தானை அழுத்தினார். கம்பைலர் உடனே நின்று, குற்றப்பட்டியலை நீட்டியது. மாமியார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியின் மேல் விரலை வைத்தார்.