உப்பு ஏரியில் நடவுக் கால்

பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள், இப்போது பாதி மறந்தும் போகிறது. ஆனால் இது மறக்கவில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன் நான். நம்புகிறீர்களோ இல்லையோ, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு ராஜஸ்தானில் வேலை. போன சித்திரையில் போயிருந்தபோது, ஒரு பகலில் காரில் உப்பு ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். தண்ணீர் வற்றி ஒரே வெள்ளை, ஒரு காக்கை கூட இல்லை. உப்பைச் செருப்புக் காலால் மிதிக்க மனசு வராமல் வெறுங்காலோடு இறங்கினேன். போட்டோ எடும்மா என்று மகள் செல்வி சொன்னதால், அவள் வாங்கித் தந்த போனோடு தனியாகக் கொஞ்ச தூரம் நடந்தேன்.

ஈர உப்பில் கால் தடம். முன்னால் போன தடம் இல்லை, பின்னால் நகர்ந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் விரல் குத்திய குழிகள், வரிசையாக. எங்கள் ஊர் செலியமேட்டில் நாற்பது வருஷம் நாற்று நட்டவளுக்கு நடவுத் தடம் தெரியாதா? அந்தத் தடத்தில் இடது காலுக்குச் சுண்டு விரல் இல்லை. மண்வெட்டி பட்டு அஞ்சலைக்கும் அது இல்லை. நடவில் எனக்கு வலப்பக்கம் எப்போதும் அவள்தான். செத்து மூன்று வருஷம் ஆகிறது. நின்ற இடத்திலிருந்தே படம் எடுத்தேன்.

இங்கே ஆளே வருவதில்லை என்று டிரைவர் சொன்னதாக மாப்பிள்ளை சொன்னார். செல்வி படத்தைப் பார்த்து, பறவை கொத்தியது என்றாள். காரில் ஏறியதும், "இத ஊர்ல போய் சொல்லாதம்மா, புத்தி பெரண்டுடுச்சின்னுவாங்க. படத்த அழிச்சிட்டு, வூட்டப் பூட்டிட்டு எங்கூடவே இரு" என்றாள்.

"புத்தி நல்லாத்தான் கீது. அந்தக் காலு யாருதுன்னு நீ சொல்லுடி பாக்கலாம். வூட்டையும் பூட்ட மாட்டேன், படத்தையும் அழிக்க மாட்டேன்" என்றேன். அதுவரை அவளிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

ஊருக்கு வந்து தனியாகத்தான் இருக்கிறேன். இங்கே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது, அங்கே கண் கூச்சத்தில் கவனிக்கவில்லை. அஞ்சலைக்கு இடப்பக்கம் கொஞ்சம் வெறும் உப்பு. அதைத் தாண்டி இன்னொருத்தி நட்ட வரிசை. நான் இப்போது வருவதாக இல்லை அஞ்சலை என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

ஏரியின் பெயர், தேதியெல்லாம் செல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடவு தெரிந்தவர்கள் யாராவது படத்தையும் ஒரு தடவை பாருங்கள். நடுவில் விட்டிருப்பது சரியாக ஓர் ஆள் நிற்கிற இடந்தானா என்று எனக்குச் சொல்லுங்கள்.