அடுத்த கேள்விக்குப் போகிறவள்

என் தோழியின் புடவை மடிப்பில் சின்ன மைக்கைப் பொருத்தும்போது அது இரண்டு முறை நழுவியது. அவள் அதைப் பார்த்துவிட்டு என் கையை ஒரு நொடி அழுத்திப் பிடித்தாள். மல்லேஸ்வரத்தில் ஒரு பயிற்சி மையத்தின் மாடியறை அது. குடிமைப் பணித் தேர்வில் முன்வரிசையில் வந்தவர்களை உட்காரவைத்து, வெற்றியின் ரகசியம் கேட்டு வீடியோ எடுப்பது அங்கே என் வேலை. அன்று நாற்காலியில் இருந்தவள், வருடக்கணக்கில் என்னோடு ஒரே மேஜையில் அதே தேர்வுக்குப் படித்தவள். அவள் தேறிவிட்டாள்; நான் தேறவில்லை.

மர்பி டவுனில் எங்கள் வீட்டில் படிக்க இடம் கிடையாது. அவளோ எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்த்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவள். இருவரும் ஒரு லைப்ரரியின் மூலை மேஜையைப் பிடித்துக்கொண்டோம். அவள் எழுதிப் பார்ப்பதை நான் திருத்துவேன், நான் எழுதுவதை அவள். "இதை அப்படியே அச்சுல போடலாம்டீ" என்பாள் என் விடைகளைப் பார்த்து. அவளுடையவை அவசரக் கிறுக்கல்கள். சிவப்பு மையால் நான் கோடு போட்டுத் தள்ளினாலும் முகம் வாடாமல் அடுத்ததை எடுப்பாள். அவள் ஒரு குறை சொன்னால் போதும், அன்று எனக்கு வேறெதுவும் ஓடாது.

கேமரா ஓடியது. வழக்கமான கேள்வியை அவளிடமும் கேட்டேன்.

"தெரியல. இதோ கேள்வி கேக்குறாளே, இவளும் நானும் ஒரே நோட்ஸைத்தான் படிச்சோம். என்னைவிட இவ நல்லா எழுதுவா. என்னை எடுத்து இவளை ஏன் விட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

மையத்தின் உரிமையாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா, கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க. விடியக்காலைல எழுந்தேன், போனைத் தொடவே இல்லன்னு ஏதாவது சொல்லுங்க. பசங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

"சீக்கிரமா எழுந்த பழக்கமே எனக்கு இல்ல சார்."

கடைசியில் விடாமுயற்சி, பெற்றோர் ஆசி என்று எதையோ சொல்லி முடித்தாள். அதைத்தான் வெளியிட்டோம்.

பிறகு தெருமுனைக் கடையில் நின்றபடி காபி குடித்தோம். அவள் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "நிஜமாச் சொல்லுடீ. நான் என்ன வித்தியாசமாப் பண்ணேன்? யாரையோ ஏமாத்திட்டு வந்த மாதிரியே இருக்கு."

முடிவு வந்ததிலிருந்து நான் யோசித்ததெல்லாம் அதைத்தான். "பாதி தெரிஞ்ச கேள்விக்கும் எதையாவது எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடுவ. நான் தெரிஞ்ச கேள்வியிலேயே உக்காந்திருப்பேன். மணி அடிக்கும்போது கடைசிப் பக்கமெல்லாம் வெறும் தாளா இருக்கும்."

"அவ்வளவுதானா?" என்றாள். அவள் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தேர்வெழுத எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. அந்த முறை அவளைப் போலவே எழுதினேன். நன்றாகத் தெரிந்த விடையைப் பாதியில் விட்டு நகரும்போது, அழுகிற குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவது போலிருந்தது. எந்தக் கேள்வியும் விடுபடவில்லை. ஆனாலும் பட்டியலில் என் பெயர் வரவில்லை. நான் கண்டுபிடித்த காரணம் தவறா, அல்லது அவளுக்கு மட்டும் பொருந்துவதா என்று இன்றுவரை தெரியாது. மறுபடி கேமராவுக்குப் பின்னால் போய் நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்கிறார்கள். எதைக் கேட்டும் மனம் அடங்குவதில்லை.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. வெளிமாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் அதிகாரியாக இருக்கிறாள்.

"காலைல ஒரு அம்மா வந்தாங்க. நிலத் தகராறு. பாதி புரிஞ்சதுமே கையெழுத்துப் போடப் போயிட்டேன். அவங்க என் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. பயந்துபோயி, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். அடுத்ததுக்குப் போறது எனக்குப் பழகிப்போச்சுடீ. நீ எப்படி ஒண்ணுலயே உக்காந்திருப்ப?"

மாடியறைக்குள் இந்த வருடத்து வெற்றியாளன் காத்திருந்தான். உரிமையாளர் கதவைத் திறந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன். "அந்தம்மா உள்ள வந்ததும் என்ன சொன்னாங்க?"