தங்கூசி தொட்ட பாதம்

போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின், எங்கள் கடற்கரை ஊரான உடப்பின் அம்மன் கோயில் தீமிதிப்பில் நான் குழியில் இறங்கியபோது, முதன்முறையாகச் சூடு தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஓதிய பதிகங்களுக்கு அம்மன் அளித்த விடை என்றே கொண்டேன். கண்ணீர் மல்கப் பாடினேன். கண்டவர்கள் என்னையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். இன்று நினைத்தாலும் என்மேல் எரிச்சல்தான் வருகிறது.

பத்து நாட்களின் பின், வீட்டுச் சீமெந்துத் தரையில் நான் நடந்த வழியெல்லாம் ஈரத்தடம் இருப்பதை என் மனைவி கண்டாள். வலது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து குழிப்புண்ணாகியிருந்தது. நோகாததால் நான் பார்க்கவே இல்லை.

கிளினிக்கில் ஓர் இளம் பெண் மருத்துவர் கண்களை மூடச் சொன்னார். பாதத்தைத் தொடும்போதெல்லாம் நான் "ஓம்" என்று ஆமோதிக்க வேண்டும். காத்திருந்து பொறுமையிழந்தேன்.

"எப்பத்தான் தொடங்கப் போறீங்க?"

"ஐயா, பத்து இடம் தொட்டு முடிஞ்சுது."

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் இருந்தது தங்கூசி போன்ற நைலோன் இழை. மீன்வலை பின்னும் தங்கூசியின் பருமனைப் பாராமலே விரல்நுனியால் சொல்லக்கூடிய எனக்கு, காலில் பட்டது தெரியவில்லை.

கவனியாத சீனி வியாதி கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது என்றார். விற்றமின் குறைவும் காரணமாகலாம் என்று இரத்தமும் எடுத்தார். ஊசி குத்துவது போன்ற எரிவைத் தணிக்கக் குளிசை உண்டாம். போன உணர்ச்சியை மீட்கும் குளிசை இல்லையாம். சீனியைக் கட்டுப்படுத்தினால் எஞ்சியதைக் காக்கலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு; நாள்தோறும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்தல். தவறினால் விரலையோ காலையோ இழக்க நேரிடும்.

ஊரார் விடவில்லை. ஒருவர் வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் கொதிநீரில் காலை வைக்கச் சொன்னார். சூடு தெரியாத காலைக் கொதிநீரில்! விளக்கிச் சொல்லியே களைத்துப் போனேன்.

புண் ஆறப் பல மாதங்கள் சென்றன. அடுத்த திருவிழாவில், தீமிதிப்பவர்கள் காப்புக் கட்டும் நாளன்று, கடலில் நீராடி வந்து வெறுங்காலுடன் கோயிலுக்குப் புறப்பட்டேன். மனைவி வாசலை மறித்தாள். அம்மன் காப்பாள் என்றேன்.

"சூடு தெரியாத காலால மிதிச்சா அது என்ன நேத்தி? நோகாததையா அவளுக்குக் குடுக்கப் போறீங்க?"

சினத்துடன் கதிரையில் அமர்ந்தேன். அவள் கண்ணாடியை நீட்டினாள். வேண்டாவெறுப்பாக வலது காலைப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"மத்தக் காலையும் பாருங்க."

இடது குதிகாலில், கடற்கரைச் சிப்பித் துண்டொன்று ஆழ ஏறியிருந்தது.