நேற்றும் கல், நாளையும் கல்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். "பாயி சாப், மேடம் நஹீ ரஹீ" என்றார். என் அரைகுறை இந்திக்கு, மேடம் வீட்டில் இல்லை என்றுதான் கேட்டது. ஆபீஸுக்குக் கிளம்பியிருப்பார் என்றேன். அவர் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

எஸ்தர் ஞானதீபம் அக்கா பாளையங்கோட்டைக்காரர். ஒளியியலில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர். மத்திய அரசின் அறிவியல் அலுவலகம் ஒன்றில், கடிதப் பிரிவில், என் எதிர் மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். நாட்டின் எந்த மூலையில் யார் இயற்பியலைக் கவிழ்த்தாலும் அந்தக் கடிதம் எங்களுக்குத்தான் வரும். ஒன்றுக்கும் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்பது விதி. ஒளியின் வேகம் தப்பு என்று வாரத்துக்கு நாலு பேர் எழுதுவார்கள். அதற்குப் பதில் எழுதும் அறையிலோ பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

வேறு யாராக இருந்தாலும் அச்சடித்த பதிலில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவார். பொருள்கள் கீழே விழுவதில்லை, தரைதான் மேலே எழும்புகிறது என்று ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் நாற்பது பக்கம் எழுதியிருந்தார். "தங்கள் கடிதம் மேசையிலிருந்து நழுவியபோது தரை மரியாதையாக எழுந்துவந்து வாங்கிக்கொண்டது. என் மூக்குக்கண்ணாடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது" என்று பதில் போனது. நிற்காமல் சுற்றும் சக்கரம் செய்தவருக்கு ஒரே வரி: "நின்றதும் தெரிவிக்கவும்." ஆறு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நின்றுவிட்டதாம். அக்கா சிரிக்கவில்லை. "பாவம், எவ்வளவு ஆசையா செஞ்சிருப்பாரு" என்று அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குப்தாஜி வந்தது ஒரு புதன்கிழமை. ஜங்க்புராவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். காலம் ஓடவில்லை, கடிகாரம்தான் ஓடுகிறது என்பது அவர் கோட்பாடு. தன் கடிதத்துக்குப் பதில் எப்போது என்று கேட்டார். முந்தின நாளே தபாலில் போட்டாயிற்று என்பதைச் சொல்ல, அக்கா தன் பாளையங்கோட்டை இந்தியில் "கல்" என்றார். அவ்வளவுதான். இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான்; எது என்று வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். நம்மவர்கள் முதலில் விழுங்குவது அதைத்தான். குப்தாஜி "அச்சா, கல்" என்று போய், மறுநாள் பதினொரு மணிக்கு வந்து நின்றார். குழப்பம் தீர்ந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். நேற்றும் நாளையும் ஒன்று என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்றார். அதன்பிறகு புதன்தோறும் பதினொரு மணிக்கு வந்துவிடுவார்.

அவருக்கு அக்கா அனுப்பிய பதில் எனக்கு மனப்பாடம்: "காலம் ஓடவில்லை என்றால் நான் ஓய்வு பெறும் நாள் வராது. கோட்பாட்டைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்."

அது வெறும் வேடிக்கை இல்லை. தெற்கே ஒரு மலை மேல் இருக்கும் வானோக்கு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு அக்கா மூன்று முறை விண்ணப்பித்தார். "ஒளியப் பத்தி லெட்டர் எழுதினது போதும் தம்பி. ஒரு தடவையாவது அதைப் பாத்து அளக்கணும்" என்பார். நிர்வாகத்தில் போய்க் கேட்டால் அங்கேயும் "கல்". "நம்ம ஊர்ல கல்லுன்னா கல்லுதான். அசையாது. என் ஃபைலும் அப்படித்தான் கெடக்கு" என்று சிரிப்பார். சாயங்காலம் அறையைப் பூட்டும்போது எல்லோரையும் போல "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, சாவியைப் பார்த்து முணுமுணுப்பார்: "ஒரு நாளாவது 'போறேன்'னு சொல்லிட்டு இந்த ரூமை விட்டுப் போவணும்."

மூன்றாவது விண்ணப்பத்துக்குக் குறிப்பு எழுதும்படி அதிகாரி என்னிடம் சொன்னார். அக்கா போனால் அந்த நாற்காலியில் நான்தான் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். "இவர் இடத்துக்கு மாற்று ஆள் இல்லை" என்று எழுதினேன். பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதியது அவரைப் பாராட்டுவதற்காக அல்ல, பயத்தில். ஃபைல் திரும்பி வந்தது. அக்கா இரண்டு முறை படித்தார்.

"தம்பி, இது உன் இங்கிலீசுதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லா எழுதிருக்க. ஒரு தப்புகூட இல்ல" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்று பகலில், கருந்துளைக்குள் விழுந்த பொருள் வெளியே வர முடியும் என்று எழுதிய ஒருவருக்கு அவர் அனுப்பிய பதிலின் நகல் என் மேசை வழியாகத்தான் போனது: "தாங்கள் கண்டுபிடித்த வழியை விவரமாக எழுதவும். இங்கே ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது." பிரிவு முழுவதும் படித்துச் சிரித்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆறு வருடமாக மன்னிப்புக் கேட்க நினைத்தேன். தினமும் நாளைக்கு என்று தள்ளினேன். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது அவர் போய்விட்டார்.

ஊரிலிருந்து தங்கை வர வேண்டியிருந்ததால் அடக்கம் வியாழனுக்குத் தள்ளிப்போனது. புதன்கிழமை, அக்காவின் அடையாளக் காகிதங்களை எடுக்க அலுவலகம் போனேன். மணி பதினொன்று. குப்தாஜி வாசலில் நின்றார். "மேடம்?" என்றார். "கல்..." என்றேன். நேற்றுப் போய்விட்டார் என்று முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. "அச்சா, கல்" என்று தலையாட்டிவிட்டு அவர் படியிறங்கினார். கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடி முடித்த நேரத்தில், அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பேட்டா, 'சலீ கயீ' போல் தேதே" என்றார். மகனே, 'போய்விட்டார்' என்று சொல்லியிருக்கலாமே என்கிறார். கோட்டின் பையில் புதன்கிழமைக்காக எழுதிவந்த பதினான்கு பக்கம் இருந்தது. அதை ஈர மண்ணின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லை எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலியில் நான். உத்தரவு வந்துவிட்டது.

அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள். நம் வழக்கப்படி "போய் வாருங்கள்" என்றுதான் உங்களை வழியனுப்ப வேண்டும். சொல்ல மாட்டேன். திரும்பி வர வேண்டாம். போங்கள், அக்கா.