பாத்ரூம் சாவி

பொத்தானும் ஜிப்பும் விற்கிற கம்பெனியில் அவள் விற்பனைப் பிரதிநிதி. தையற்கடைக்காரர்களுக்கு அவள் பொத்தானக்கா. காலையில் அரை டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்வரை கடை கடையாக ஏறி இறங்கவேண்டும். பெண்ணாகப் பிறந்து தெருத்தெருவாக வேலை பார்ப்பவளுக்கு எதை அடக்கப் பழகவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அவளாகவே பழகிக்கொண்டாள்.

மனிதர்களை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் நினைப்பு. இன்னார் தங்கம், இன்னார் திமிர் பிடித்தவர் என்று கடைவாரியாகச் சொல்லுவாள். அதில் தங்கத்திலும் தங்கம் மூலைக்கடை டைலர். அதிகம் பேசமாட்டார். எந்தத் துணிக்கும் காப்பிக்கொட்டை நிறத்திலேயே பொத்தான் வாங்குவார். கடைக்குப் பின்னால் சுத்தமான பாத்ரூம் ஒன்று இருந்தது. தாழ்ப்பாள் உண்டு, வாளி நிறையத் தண்ணீர் உண்டு. அவள் படியேறும்போதே சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். இந்த ஊமைச்சாமியிடம் என்னத்தைக் கண்டாய் என்று தங்கை கேட்டாள்.

"அவர் கடைக்குப் போயிட்டு வந்தா மனசு லேசாயிடுதுடி" என்றாள் அவள்.

சில வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு கடை இருந்த கட்டடத்தை இடித்தார்கள். டைலர் வேறொரு மாடியில் அறை எடுத்தார். அங்கே பாத்ரூம் இல்லை. ஆண்கள் எங்கேயோ போய்விட்டு வந்தார்கள். மதியம் அவர் கடைக்குப் போனாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கத்தரிக்கோலை வைக்கிற சத்தம் பிடிக்கவில்லை. அந்தப் பொத்தான் நிறத்தைப் பார்த்தாலே எரிச்சல்.

"அவர் முன்ன மாதிரி இல்லடி" என்று தங்கையிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளில் அக்காவோடு ஒரு சுற்று வந்தாள். நர்ஸுக்கு அடக்கிவைக்கிற வழக்கம் கிடையாது; போன கடையிலெல்லாம் கூச்சப்படாமல் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். சாயங்காலம் அக்காவை நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"அக்கா, நீ நல்லவங்கன்னு சொன்ன கடையில எல்லாம் பாத்ரூம் இருக்கு. திமிர் பிடிச்சவங்க கடையில ஒண்ணுலகூட இல்ல."

"என் மனசையும் பாத்ரூமையும் ஒண்ணாச் சேத்துப் பேசாதே."

"நான் சேக்கல. உன் உடம்பு எப்பவோ சேத்துடுச்சு."

இரண்டு நாள் தங்கையோடு பேச்சில்லை. ஆனால் வீட்டில் இருக்கும்போது கணவர்மேல் கோபமே வராததை அப்போதுதான் கவனித்தாள். வீட்டில் பாத்ரூம் இருந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"எப்பலேருந்து?"

"அப்பவே. உள்ள வந்ததும் சாவியைத்தான் பாப்பே. அப்புறம்தான் என்னை."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "திரும்பி வரும்போது உன் முகம் அவ்வளவு நல்லா இருக்கும். அதைப் பாக்கத்தான் கடையை மதியம் பூட்டாம உக்காந்திருப்பேன். எனக்குப் பசி உயிர் போகும்."

அவள் அவர் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

மறுநாள் அவர் கட்டடச் சொந்தக்காரரைப் பிடித்தார். வாழ்க்கையில் அதிகம் பேசாதவர் அந்த ஒரு விஷயத்துக்காக ஆளை விடாமல் நச்சரித்தார். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் வைத்து, சாவியை டைலர் பொறுப்பில் விட்டார்கள்.

பக்கத்து அறைகளில் வேலை செய்த பெண்களும் சாவி கேட்டு வர ஆரம்பித்தார்கள். டைலர் மாதிரி ஒரு தங்கமான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.