கொம்பு வைத்த பம்பர்

எங்கள் பிக்அப் வண்டியின் பின்பம்பர் நசுங்கியதற்குக் காரணம் பக்தி. வேறு யார்மேலும் பழி போட முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம், அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் என் கணவர் வண்டியை ரிவர்ஸில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் புளியமரத்தை ஒட்டி நின்றுகொண்டு, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஊரே "அரோகரா" என்று கத்தியது. மலை உச்சியில் தீபம் தெரிந்துவிட்டால் எங்கள் ஊரில் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடுவோம். கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குவோம். நானும் ரோட்டோரம் ஓடினேன், கும்பிட்டேன். என் கணவரும் கும்பிட்டார். ஆனால் அவர் கையில் இருந்தது ஸ்டீயரிங். அதோடு விட்டாரா, மலை நன்றாகத் தெரியவேண்டும் என்று இருக்கையிலிருந்து எழுந்து, கிளட்ச்மேல் இருந்த காலையும் எடுத்துவிட்டார். வண்டி ஒரு குதி குதித்துப் பின்னால் போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது.

சத்தம் கேட்டு நான் திரும்பியபோது அவர் கூப்பிய கையோடு அப்படியே இருந்தார். பிறகு என் பெயரைச் சொல்லி அலறினார். நான் முன்பக்கமாக வந்து கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்தும் அவருக்கு இறங்கத் தெம்பு வரவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து, "அண்ணாமலையார்தான் காப்பாத்தினாரு" என்றார்கள். அவரைக் கும்பிடப் போய்த்தானே இவ்வளவும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நல்ல நாளில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மறுநாளிலிருந்து மனிதர் ரிவர்ஸே எடுப்பதில்லை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்தினார். போகும்போது ஏதாவது ஒரு கடையைத் தாண்டிவிட்டால், ரோடு குறுகல், திருப்பவேண்டுமானால் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். அவர் திருப்பவில்லை. மலையை முழுசாக ஒரு சுற்று சுற்றி அதே கடைக்கு வந்து சேர்ந்தார். கேட்டால், "புண்ணியம்தானே" என்றார். எதிர்வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரருக்கு பக்தி ஜாஸ்தி ஆயிடுச்சி" என்று என்னிடம் மெச்சிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிரிக்கிற நிலைமையும் இல்லை. வேர்க்கடலை மூட்டை ஏற்றித்தான் எங்கள் பிழைப்பு. டவுனில் மண்டி மேடைக்கு வண்டியின் முதுகைக் காட்டி நிறுத்தினால்தான் மூட்டையை இறக்க முடியும். இவர் தெருவிலேயே நிறுத்திவிட்டு நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். மண்டி முதலாளி ஒருநாள் என்னையே கூப்பிட்டு, "ஏம்மா, மேடைகிட்ட வரமுடியலன்னா சொல்லிடுங்க, நான் வேற வண்டி பாத்துக்கறேன்" என்றார். இவரிடம் சொன்னேன். "பம்பர்தான் சரியில்ல. நல்லதா ஒண்ணு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். பம்பருக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. மனிதர் இறங்கி வந்ததே பெரிது என்று நானும் கூடவே கிளம்பினேன்.

டவுனில் காயலான் கடை வைத்திருந்த பாய் எங்களுக்குப் பழக்கம். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்துச் சாமான் சாமானாக விற்பவர். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். முதலில் ஏதோ காரிலிருந்து கழற்றிய பளபளப்பான பம்பரைத் துடைத்துக் காட்டினார். "கல்யாண வண்டி கணக்கா இருக்கும் தங்கச்சி." அதில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. இவர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், குழி விழுந்துவிட்டது. பாய் அதை எடுத்து உள்ளே வைத்தார்.

அடுத்தது லாரியிலிருந்து கழற்றிய இரும்பு பம்பர். இரண்டு பேர் புரட்டித்தான் காட்டினார்கள். இவர் கல்லை எடுத்து அதைத் தட்டினார். கணீரென்ற சத்தத்தைக் கேட்டதும் பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இதான். இதப் போட்டா மரமே வுழுந்தாலும் வண்டி அசையாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, மரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல நான் நின்னுருந்தா, இந்த இரும்பு யாரக் காப்பாத்தும்? என்னையா, வண்டியையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு அது பம்பர் நசுங்கின சத்தம்னு எனக்குத் தெரியல. உன் எலும்பு நொறுங்கற சத்தம்னுதான் நெனச்சேன். ரிவர்ஸ் கியர்ல கை வெச்சாலே அது கேக்குது" என்றார். பாய் எழுந்து டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் மலையைச் சுற்றியதெல்லாம் எனக்காகத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

டீ குடிக்கும்போதுதான் சுவரோரம் சாய்த்திருந்த அந்த பம்பரைப் பார்த்தேன். சாதாரணக் குழாய் பம்பர். இரண்டு ஓரத்திலும் மாட்டுக்கொம்பு மாதிரி ஒவ்வொரு கம்பி நட்டுக்குத்தாக நின்றது. "கொம்பு அசிங்கமா இருக்குன்னு யாரும் வாங்கல. வேணும்னா அறுத்துத் தரேன்" என்றார் பாய்.

"அறுக்காதீங்க பாய்" என்றேன். எங்கள் வண்டியில் டிரைவர் இடத்திலிருந்து பார்த்தால் வால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இந்தக் கம்பி பாடிக்கு மேலே எட்டிப் பார்க்கும். "வலது பக்கக் கம்பிய நீங்க பாருங்க, இடது பக்கத்த நான் பாக்கறேன். பின்னால யாரும் நிக்கவே வேணாம். நான் உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்." அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பாயிடம், "எடுத்து வைங்க" என்றார்.

பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்து மாட்டி முடித்ததும், சூடு ஆறுவதற்குள் நேரே மண்டிக்குப் போனோம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத சமயம் பார்த்து அவர் ரிவர்ஸ் கியரில் கை வைத்தார். நான் இடது பக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "நான் இங்கதான் இருக்கேன். பின்னால ஒருத்தரும் இல்ல. வரலாம்." வண்டி நகர்ந்தது. வரலாம், வரலாம் என்று நான் சொல்லச்சொல்ல, மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, வண்டி மேடையை நோக்கிப் பின்பக்கமாகவே போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் சட்டென்று பிரேக் போட்டார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இடம் இருக்குங்க, வரலாம்" என்றேன்.

"போதும்."

"நடுவுல ஒரு ஆளே நிக்கலாங்க."

"அதுக்குத்தான்" என்று எஞ்சினை நிறுத்தினார்.

மூட்டை தூக்குகிறவர்கள் பலகை போட்டு இறக்கப் பழகிக்கொண்டார்கள். அந்த வண்டியை விற்கும்வரை எந்தச் சுவராக இருந்தாலும், எந்த மேடையாக இருந்தாலும் அவர் கணக்கு அதுதான். நான் வண்டிக்குள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வெளியே எனக்கு ஓர் இடம் விட்டுத்தான் நிறுத்துவார்.