மாடிக்குப் போன பாட்டில்

என் வீட்டுக்காரர் பிரவீன்ராஜுக்கு ஒரே தங்கை, லிசி. ஜப்பானில் சாகே செய்கிறாள். சாகே என்றால் அரிசியிலிருந்து செய்கிற மது. இதை வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டில் ஆறு வருடமாக ஒருவருக்கும் துணிவில்லை. மேலப்புதூரில் யார் கேட்டாலும், அவள் அரிசி கம்பெனியில் இருக்கிறாள் என்பார் என் மாமியார் அமலராணி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு, பனி கொட்டும் ஒரு மலையூரில் வேலைக்குச் சேர்ந்தவள் லிசி. முதல் குளிர்காலம் முழுக்கத் தொட்டி கழுவத்தான் விட்டார்களாம். அடுத்த வருடம் அரிசி ஊறவைக்க. உயர்ந்த ரக சாகேக்கு ஒவ்வொரு அரிசிமணியையும் பாதி அளவுக்கும் கீழே தேய்த்துவிடுவார்கள். அதைக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊறவைக்க வேண்டும். அரை நிமிடம் கூடினாலும் போச்சு. மூன்றாம் வருடம்தான் கோஜி அறைக்குள் சேர்த்தார்கள். கோஜி என்பது வெந்த அரிசியில் தூவி வளர்க்கிற பூஞ்சை. சோற்றை இனிப்பாக்குவது அதுதான். வெளியே பனி, உள்ளே நம்மூர் சித்திரை வெயில். இரண்டு நாள், சில மணிக்கொரு தரம் கையாலேயே கிளறிவிட வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு தொட்டியை முழுதாக அவள் பொறுப்பில் விட்டார்கள். அந்தப் பாட்டில்களின் பின்பக்கம், செய்தவர் என்று அவள் பெயர் அச்சாகியிருக்கிறது. இந்த முறை ஊருக்கு வந்தபோது இரண்டைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

அந்த வாரமே லால்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அருள்ராஜ், பள்ளிக்கூட ஆசிரியர். கல்யாணத்துக்குப் பிறகும் குளிர்காலத்தில் அங்கே போய் வேலை செய்வேன், அதை மாப்பிள்ளை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள் என்றாள் லிசி. அவள் கேட்டது அது ஒன்றுதான். சொல்லியாகிவிட்டது என்றார் அவள் அண்ணன். பச்சைப் பொய்.

வந்தவர்களுக்குக் கேசரி வைத்தேன். அரிசி கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலையா, கல்யாணம் ஆனதும் விட்டுவிடலாம்தானே என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். லிசி அண்ணனைத் தேடினாள். அவர் நாற்காலி காலி. மாப்பிள்ளையின் தாய்மாமனையும் காணோம். பெண் பார்க்க வந்த இடத்தில் இரண்டு ஆண்கள் மாடிக்கு நழுவினால் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டோம். லிசி போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு பாட்டில்தான் இருந்தது.

அவள் பின்னால் நானும் மாடி ஏறினேன். லெமன் சோடாவில் கலந்து, பிளாஸ்டிக் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை என்று தாய்மாமன் பாராட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்தது, லெமன் சோடாவில். லிசி விறுவிறுவென்று கீழே இறங்கினாள். மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து வந்து, கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நான் செஞ்சதுங்க. என் வேலை இதான். விடறதா இல்லை."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாராயம் காய்ச்சுற பொண்ணையா எங்களுக்குப் பாத்தீங்க?"

"உங்க மச்சான் மாடியில நல்லாருக்குன்னு குடிக்கிறாருங்க. குடிக்கிறவரு குடும்பத்துல இருக்கலாம், செய்யிறவ வரக்கூடாதா?" என்றாள் லிசி.

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. ஆசிரியராம். வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்த தாய்மாமனும் அவர்களோடு காரில் ஏறிக்கொண்டார். மாமியார் அழுதார். என் வீட்டுக்காரர், மானத்தை வாங்கிவிட்டாயே என்று தங்கையிடம் கத்தினார். சாகே நெடி இன்னும் போகாத வாயால்.

மறுநாள் காலை அந்தத் தாய்மாமனிடமிருந்து போன் வந்தது. மனசு மாறிவிட்டார்கள் போல என்று என் வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய எடுத்தார். கேட்கக் கேட்க முகம் தொங்கியது. கையால் போனை மூடிக்கொண்டு மெல்ல என்னிடம் சொன்னார்:

"இன்னொரு பாட்டில் இருக்கான்னு கேக்கறாரு."

போனைப் பிடுங்கினேன்.

"இருக்குங்க. மாப்பிள்ளையோட அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஹால்ல உக்காந்து, அவர் முன்னாடி லிசிகிட்ட கேளுங்க. ஊத்தித் தரோம்."

அவர் போனை வைத்துவிட்டார்.